1635 ஆணையின் கடைசி ஒன்பது விதிகள்: கதவடைப்பா, கொள்முதல் ஒழுங்கா?

நாகசாகி ஆளுநர்கள் இருவருக்கு ஷோகுன் அரசின் மூத்த அமைச்சர்கள் 1635இல் அனுப்பிய 17 விதிகளை, ஜப்பான் உலகோடு உறவறுத்துக்கொண்டதன் அறிவிப்பாகவே ஆய்வுலகின் ஒரு மரபு நெடுங்காலம் வாசித்து வந்திருக்கிறது. அந்த வாசிப்பு முதல் மூன்று விதிகளையே பற்றிக்கொள்கிறது: ஜப்பானியக் கப்பல் வெளிநாடு செல்லக் கூடாது, ஜப்பானியர் எவரும் செல்லக் கூடாது, அங்கே குடியிருந்து திரும்புகிறவருக்கு மரண தண்டனை. அடுத்த ஐந்தும் பெரும்பாலும் கிறித்தவப் பாதிரியார்களைத் தேடிப் பிடிப்பது பற்றியவை. எஞ்சிய ஒன்பதும் வணிகம் பற்றியவை. ஆவணத்தில் பாதிக்கு மேற்பட்ட இந்தப் பகுதி நிர்வாகச் சில்லறையாக ஒதுக்கப்படுவதை ஏற்க இயலவில்லை. ஆணையின் நோக்கம் இங்கேதான் துலங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்விதிகளைத் தனித்தனியே படித்தால் அலுவலகக் குறிப்புகளாகத்தான் தோன்றும். சேர்த்துப் படிக்க வேண்டும். கச்சாப் பட்டுக்கு முதலில் விலை முடிவாக வேண்டும். அதன்பின் கியோட்டோ, சகாய், ஒசாகா, எடோ, நாகசாகி ஆகிய ஐந்து நகரங்களுக்கும் குறிப்பிட்ட பிறருக்கும் அது பங்கிடப்படும். சரக்கு முழுவதையும் ஒரே நகரம் வளைத்துப்போட முடியாது. சாமுராய்கள் நேரடியாக வாங்கவும் தடை. ஐந்து நகரப் பிரதிநிதிகள் ஏழாம் மாதம் 5ஆம் நாளுக்குள் நாகசாகி வந்துசேர வேண்டும். பிந்தினால் பங்கு போய்விடும். கப்பல்களோ ஒன்பதாம் மாதம் 20ஆம் நாளுக்குள் பாய் விரித்தாக வேண்டும். பிந்தி வந்தவற்றுக்கு 50 நாள் தவணை. விற்காத சரக்கை உள்ளூரில் யாரிடமும் அடைக்கலமாக வைக்கக் கூடாது. ஹிராடோ துறைமுகத்துக்கு வரும் கப்பலும் நாகசாகியில் விலை முடிவாகும்வரை வணிகத்தைத் தொடங்க முடியாது.

கப்பல்காரரின் நிலையில் நின்று பார்ப்போம். வேறு துறைமுகத்தில் நல்ல விலை தேட வழியில்லை, அடுத்த பருவத்துக்கு இருப்பு வைக்க வழியில்லை, காத்திருக்கவும் நாளில்லை. பேரத்தின் பிடி முழுவதும் வாங்குவோர் கைக்கு வந்துவிடுகிறது. அதே வேளையில், விலை முடிவான 20 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 13ஆம் விதி. கப்பல் அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்று எண்ணுகிற அரசு எழுதும் விதி இது. கதவை மூடப் போகிற அரசுக்கு அயல் வணிகனின் பாக்கியைப் பற்றி என்ன கவலை?

வணிக விதிகள் பெரும்பாலும் 1633 ஆணையிலேயே இருந்தவை, புதியது முழுமையான பயணத் தடைதான் என்பது இதற்கு வலுவான மறுப்பு. 1633இல் அனுமதிப் பத்திரம் பெற்ற ஜப்பானியக் கப்பல்களுக்குப் பயணத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. 1635இல் அது நீங்கியது என்பதும் உண்மை. ஆனால் அக்கப்பல்கள் வியட்நாமியத் துறைமுகங்களிலிருந்து ஏற்றிவந்த முதன்மைச் சரக்குகளில் ஒன்று இதே கச்சாப் பட்டு. அவை நின்றதும் நாகசாகிக்கு வரும் பட்டு அயல்நாட்டுக் கப்பல்களில் மட்டுமே வரலாயிற்று. அக்கப்பல்கள் அனைத்தும் மேற்சொன்ன விதிகளுக்குள் அடங்கின. பயணத் தடைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லத் துணியவில்லை. தடையும் விலைமுறையும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தன என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

மத அச்சமே எல்லாவற்றையும் இயக்கியது என்போர் கிறித்தவர் பெருமளவில் பங்கேற்ற ஷிமபாரா கிளர்ச்சியைக் காட்டுவர். அது வெடித்தது 1637இல். 1635 ஆணைக்கு அதைக் காரணமாக்க முடியாது.

அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு, அச்சம் உச்சத்தில் இருந்த 1639இல்கூட அரசு நடந்துகொண்ட முறை கவனத்துக்குரியது. போர்த்துகீசியரை வெளியேற்றும் முன் அமைச்சர்கள் டச்சு நிறுவனத்தின் பிரான்சுவா காரோனை அழைத்து, போர்த்துகீசியர் கொண்டுவந்த பட்டையும் பிற சரக்கையும் டச்சுக்காரரால் தர முடியுமா என்று துருவிக் கேட்டனர். கொரிய வணிகத்தைக் கையில் வைத்திருந்த ட்சுஷிமா பிரபுவிடமும் பட்டு, மருந்துப் பொருள் வரத்தைப் பெருக்கச் சொன்னார்கள். கியோட்டோவின் நிஷிஜின் தறிகளுக்குச் சீனப் பட்டு வேறு கப்பலில் வரும் என்ற உறுதி கிடைத்த பிறகே போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் தடை விழுந்தது.