எல்லை தாண்டிய இணையம்

1994 செப்டம்பரில் லண்டனில் 'சைபெரியா' திறந்தது. உலகின் முதல் இணையக் காப்பிக்கடைகளில் அது ஒன்று. ஆனால் வெளிநாட்டுப் பயணிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அவருடைய மின்னஞ்சல் பெரும்பாலும் ஊரிலுள்ள கணினியோடும் சந்தா சேவையோடும் கட்டுண்டு கிடந்தது. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில் அந்தக் கட்டை அவிழ்த்தது. உலாவி உள்ள எந்தக் கணினியிலும் கடவுச்சொல்லைத் தட்டினால் போதும், கடிதம் வந்து நிற்கும். பாங்காக்கின் காவோ சான் சாலை போன்ற பயணியர் தெருக்களில் வாடகைக் கணினிகள் பெருகியது அதன் பின்புதான்.

கைபேசிக்குள் இணையம் புகுந்ததும் சிக்கல் வேறானது. அயல்நாட்டு நிறுவனம் தன் வலையமைப்பைப் பயன்படுத்தியதற்குச் சொந்த நாட்டு நிறுவனத்திடம் காசு கேட்கும். அது தன் லாபத்தையும் சேர்த்துப் பயணியின் தலையில் கட்டும். இதுதான் ரோமிங் கட்டணம். அடிக்கடி எல்லை கடக்கும் ஐரோப்பியர்களை இது கூடுதலாகவே உறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் அழைப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. பயணி கொடுக்கும் டேட்டா கட்டணத்துக்கு வரம்பு வர 2012 ஜூலை ஆயிற்று: மெகாபைட்டுக்கு 70 சென்ட், வரி தனி. நல்ல படம் ஒன்றை அனுப்பவே தேநீர்க் காசு கரைந்த காலம்! 2014இல் அது 20 சென்டானது. 2017 ஜூன் 15 முதல், நியாயமான பயன்பாட்டுக்குள் இருந்தால் கூடுதல் கட்டணமே இல்லை. 2022இல் இந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனிலோ சில நிறுவனங்கள் ரோமிங் கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தன.