கல்லுக்கு என்ன ஊற்றுவது?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கல்லறுக்கும் இயந்திரம் நிற்கிறது. ஆறு அங்குல வைரப் பிளேடு, அரைக் குதிரைசக்தி மோட்டார், பிளேடின் அடிப்பக்கம் மட்டும் முங்கும்படி ஒரு தகரத் தொட்டி. அவ்வளவுதான். திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றை மூடியபோது பழைய விலைக்கு வாங்கியது. நான் கல்லூரியில் நிலவியல் படித்தவன், பிழைப்புக்குப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். ஏலகிரி அடிவாரத்தில் பொறுக்கி வந்த சையனைட் துண்டுகளை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை இன்னும் விடவில்லை.

"தொட்டியில என்னண்ணே ஊத்தணும்?" என்று விற்றவரிடம் கேட்டேன்.

"தண்ணிதான் தம்பி. பதினோரு வருஷமா வெறும் தண்ணிதான் ஊத்துறேன். ஒரு பொட்டு துரு கிடையாது பாருங்க."

பார்த்தேன். உண்மைதான்.

ஆம்பூருக்கு வந்து எங்கள் போர்த் தண்ணீரை ஊற்றினேன். சனிக்கிழமை அறுத்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்யாமல் விட்டது என் தப்பு. அடுத்த சனிக்கிழமை பிளேடின் எஃகுத் தகட்டில் செம்பழுப்பு ஏறியிருந்தது, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. ஒரு மாதத்தில் பேரிங் கரகரக்க ஆரம்பித்தது. அவர் ஊற்றியது காவிரித் தண்ணீர். நான் ஊற்றியது பாலாற்றங்கரை போர்த் தண்ணீர். இயந்திரம் ஒன்றுதான்.

கல்லை அறுக்கும்போது எதை ஊற்றுவது என்பது மிகப் பழைய கேள்வி. ரோமானியரான மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில் பளிங்கு அறுப்பதைப் பற்றிப் பேசுகிறார். பார்ப்பவருக்கு இரும்பு அறுப்பதுபோலத் தெரியும், ஆனால் அறுப்பது மணல்தான், ரம்பம் அந்த மணலை ஒரே கோட்டில் அழுத்திப் பிடிக்கிறது என்பது அவர் சொல்வதன் சாரம். எந்த ஊர் மணல் உசத்தி என்று வரிசைப்படுத்தும்போது இந்திய மணலும் அதில் வருகிறது. அன்றைய ரம்பத்துக்குப் பல் கிடையாது. மணலும் நீரும்தான் பல். நீர் இல்லையென்றால் மணல் கோட்டுக்குள் இறங்காது, அரைந்த தூள் வெளியே வராது.

மணலைவிடக் கடினமான பொருள் நம் ஊர்ப்பக்கமே கிடைத்தது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லும் கனிமத்தின் பெயர் நம்முடைய குருந்தத்திலிருந்து போனது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது பொதிந்து கிடக்கிறது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். ஐரோப்பிய அறிவியல் அதை ஒழுங்காகக் கவனித்தது அதற்குப் பிறகுதான். நம் ஆட்களுக்கோ அது அன்றாடச் சரக்கு. குருந்தப் பொடியை உருகிய அரக்கில் கலந்து வட்டமாக வார்த்தால் சாணைச் சக்கரம். கத்தி தீட்டுபவரும் மணி தீட்டுபவரும் அதைத்தான் சுற்றினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரக்கு சூட்டில் இளகிவிடும். ஆகவே அரக்குச் சாணை வேகமாகச் சுற்றவே முடியாத கருவி. வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சுற்றும் வேகத்துக்கு, மேலே சொட்டும் கொஞ்சம் தண்ணீர் போதும். குளிர்விப்பது அன்று பெரிய கவலையே இல்லை. தூளை அள்ளிக்கொண்டு போவதுதான் திரவத்தின் வேலை.

வைரத்துக்கு வரும்போது கதை மாறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, ராவல்கொண்டா வைரச் சுரங்கத்தருகே பட்டை தீட்டுபவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு சக்கரம். கல்லின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிடிபடும்வரை சக்கரத்தில் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ரேகை பிடிபட்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறுகிறார்கள், விலை உயர்ந்த வைரத்தூளைத் தாராளமாகத் தூவுகிறார்கள். முதலில் நீர், அப்புறம் எண்ணெய். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிகளின் இந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் பல நூற்றாண்டு கழித்துத்தான் துலங்கியது. வைரம் தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்போடு ஒட்டும். 1890களின் இறுதியில் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் பூசிய மேசைமேல் அரைத்த பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டபோது, பாறை எல்லாம் வழிந்து போய் வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் ஊற்றினால் வைரத்தூள் சக்கரத்தை விட்டுப் போகாது. தண்ணீர் ஊற்றினால் காசு கழுவிக்கொண்டு போகும்.

மோட்டார் வந்ததும் சூடு வந்தது. அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லர் 1906இல் வாசித்த உலோக வெட்டுக் கட்டுரையில், வெட்டுமுனையில் தண்ணீரைத் தாரையாக விட்டால் சுமார் 40 சதவீதம் வரை வேகத்தைக் கூட்டலாம் என்று காட்டினார். அந்தத் தண்ணீரில் அவர் சோடா கலந்தார். துரு பிடிக்காமல் இருக்க. இந்தச் சோடாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வைரத்தைச் செயற்கையாகச் செய்த பிறகு வைரப் பிளேடு என்னைப் போன்ற வாத்தியார் வாங்கும் விலைக்கு இறங்கியது. ஆனால் வைரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றில் 700 டிகிரி வாக்கில் அது எரிந்து தேய ஆரம்பிக்கும். கல்லுக்கும் அப்படித்தான். 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருக்கும், வெடிப்பு விழும். பிளேடு தொடும் மயிரிழை அகலத்தில் இந்தச் சூடு வருவதற்கு அதிக நேரம் தேவையில்லை.

சரி, எனக்கு என்ன வழி?

நான் படித்த கல்லூரி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் அறுத்தோம். ரேஷனில் கிடைத்த காலம். துரு கிடையாது, சேறும் சீக்கிரம் படியும். ஆனால் மண்ணெண்ணெயின் ஆவி ஏறக்குறைய 40 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில் அதைத் தாண்டும். மொட்டைமாடியில், தீப்பொறி விடும் பழைய மோட்டாருக்குப் பக்கத்தில் அந்த யோசனையே வேண்டாம். கை தோலின் எண்ணெயையும் அது உறிஞ்சிவிடும். டீசலும் அதே ஜாதி. வெள்ளை மினரல் ஆயில் நல்லது. பெரிய பிளேடு வைத்து அகேட் அறுப்பவர்கள் உலகெங்கும் அதைத்தான் விரும்புகிறார்கள். துரு இல்லை, வழுவழுப்பான வெட்டு, பிளேடு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் நுண்துளை உள்ள கல்லில் எண்ணெய் ஏறிக்கொண்டால் இறங்காது. சிறிய அறையில் எண்ணெய்ப் புகை மூச்சுக்குள் போகும். தவிர விலை. எதுவும் ஊற்றாமல் உலர வைத்து அறுக்கலாமா என்று கேட்பவர்கள் குஜராத்தின் கம்பாத் நகருக்குப் போய்வர வேண்டும். அங்கே அகேட் மணிகளை உலர அரைத்த குடும்பங்களில் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து இளவயதிலேயே இறந்தவர்கள் ஏராளம். திரவம் பிளேடுக்காக மட்டும் இல்லை, முக்கியமாக மூச்சுக்காக.

கடைசியில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் கூலன்ட் ஆயில் ஒரு லிட்டர் கொடுத்தார். ஒரு பங்கு எண்ணெய்க்கு இருபது பங்கு தண்ணீர். ஊற்றியதும் பாலாக வெளுத்தது. மாடிக்கு வந்த பெரியப்பா தொட்டியில் விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் டேனரியில் டிரம் ஓட்டியவர்.

"இன்னாடா இது, பேட் லிக்கர் மாதிரி கீது?"

அவர் சொன்னது சரி. பதனிட்ட தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க நாரிழைகளுக்கு நடுவே எண்ணெயை ஏற்ற வேண்டும். பச்சை எண்ணெய் உள்ளே போகாது. கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தி, தண்ணீரில் பாலாகக் கரையும்படி ஆக்கி, டிரம்மில் சுற்றுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாயத்தொழிலுக்காக ஆமணக்கெண்ணெயில் செய்த 'டர்க்கி ரெட் ஆயில்' இதற்கு மூதாதை. பட்டறையின் கூலன்ட் ஆயிலும் டேனரியின் பேட் லிக்கரும் ஒரே வேதியியலின் இரு வீடுகள். எண்ணெயின் வழுக்கும் குணமும் தண்ணீரின் குளிர்ச்சியும் ஒரே குவளையில்.

பெரியப்பா தொட்டியை இன்னொரு தரம் பார்த்தார். "எந்தத் தண்ணி ஊத்துன?"

"போர் தண்ணி பெரியப்பா."

"திரிஞ்சிடும் பாரு. போர் தண்ணில பேட் லிக்கர் போட மாட்டோம். இதுக்கோசரம் லாரில நல்ல தண்ணி வரும் கம்பெனிக்கு."

மறுநாள் காலையில் திரிந்திருந்தது. மேலே மஞ்சள் ஏடு, அடியில் தயிர்போல வெள்ளைக் கட்டி. கடின நீரின் கால்சியமும் மக்னீசியமும் எண்ணெயைப் பிடித்திருந்த சோப்பை உடைத்துவிடும் என்று வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறவன் நான்.

நான் அசந்துபோனது வேதியியலில் இல்லை. தோல் பதனிடத் தேவையான தண்ணீர் இந்த ஊரில் இல்லாமல்போனது தோல் பதனிட்டதால். அதை எனக்குச் சொன்னவர் அந்தத் தண்ணீரிலேயே நின்று வேலை செய்தவர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியே இந்தத் தொழில் வளர்ந்ததற்குக் காரணம் ஆற்று மணலடியில் கிடைத்த நல்ல நீர். முதலில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கொண்டு பதனிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலை அறிமுகப்படுத்தினார். அது இந்தப் பக்கம் வேரூன்றியது பல பத்தாண்டுகள் கழித்து. (திருச்சிப் பட்டறையில் என் இயந்திரம் அறுத்தது பெரும்பாலும் செயற்கை மாணிக்கம். அதுவும் குருந்தம்தான், சிவப்பு தருவது துளியளவு குரோமியம். அதே குரோமியம்தான் இங்கே தோலை நீலமாக்குகிறது.) குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் என் பேரிங்கைத் தின்றது குரோமியம் இல்லை, உப்பு. கெடாமலிருக்கத் தோலில் அப்பிவரும் சாதாரண உப்பு. ஊறவைத்த முதல் தொட்டியிலேயே அது கழன்று நீரோடு போகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்ததைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழ ஊன்றியது அந்தத் தீர்ப்பால். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை அழுக்கைச் சிதைக்கும், குரோமியத்தைப் படியவைக்கும். உப்பைச் சிதைக்க முடியாது, கரைந்தது கரைந்தபடி போகும். பிறகு கழிவுநீரே வெளியே விடக்கூடாது என்றானதும், நீரை ஆவியாக்கி உப்பைப் பிரித்தார்கள். இப்போது அந்த உப்பு மூட்டையிலும் குவியலிலும் கிடக்கிறது, கொண்டுபோக இடமில்லாமல். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்காக ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட அதே சொற்கள்.

சோடாவுக்கு வருகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழில் பெரிது. அந்தத் தொழிலின் பழைய 'கேங் சா' இயந்திரங்களுக்கு வைரம் கிடையாது. வரிசை வரிசையாகத் தொங்கும் எஃகுப் பட்டைகள் ஊஞ்சல்போல ஆட, மேலிருந்து எஃகு மணிகள் கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் கொட்டும். பிளினி சொன்ன அதே வித்தை, மணலுக்குப் பதில் எஃகு. சுண்ணாம்பு எதற்கு என்றால், காரத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்காது, கூழ் கெட்டியானால் எஃகு மணி அடியில் தங்காது. டேனரியில் முடி களையத் தோலை ஊறப்போடும் அதே சுண்ணாம்பு. நான் கூழ் வைக்கவில்லை, டெய்லர் வழியில் சலவைச் சோடாவைப் போர்த் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். மறுபடி வெள்ளையாகத் திரிந்தது, துருவும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. காரம் இரும்பின்மேல் போடும் மெல்லிய காப்பை உப்பின் குளோரைடு புள்ளி புள்ளியாகக் குத்தி உடைத்துவிடும்.

மீதி இருந்தது வானம். 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது பொருத்திய மழைநீர்க் குழாய் எங்கள் வீட்டிலும் உண்டு. பாதி வீடுகளில் உடைந்துவிட்டது, எங்களுடையது தப்பித்தது. ஐப்பசி மழையில் முதல் நாள் தண்ணீரை ஓடவிட்டு, அடுத்த நாளிலிருந்து இருநூறு லிட்டர் டிரம் இரண்டில் பிடித்தேன். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சோடா. அறுத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, பிளேடைத் துடைத்து, ஷாஃப்டில் கொஞ்சம் எண்ணெய். இப்போது ஒன்றரை வருஷமாகத் துரு இல்லை. சையனைட்டின் வெட்டு முகம் விரலுக்கு வழவழவென்று இருக்கிறது. மாசிக்குள் டிரம் காலியாகிவிடும், அப்புறம் அடுத்த மழைவரை அறுப்பதில்லை.

தொட்டி நீரைத் தெளியவைத்து மேலாக இறுத்து மறுபடி பயன்படுத்துகிறேன். அடியில் தங்கும் கல்சேற்றைக் காயவிடாமல், ஈரத்தோடே பெயிண்ட் வாளியில் அள்ளி மூடிவிடுகிறேன். காய்ந்தால் அது மறுபடி தூசிதான். அதில் கல்மாவோடு பிளேடிலிருந்து உதிர்ந்த உலோகமும் இருக்கும். கால்வாயில் ஊற்ற மனம் வரவில்லை, கால்வாய் எங்கே போகிறது என்று தெரியும். மாடிப்படிக்குக் கீழே மூன்று வாளி சேர்ந்துவிட்டது. போன வாரம் பெரியப்பா ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத்த எங்கடா கொண்டுபோய்க் கொட்டப் போற?"

"தெரியல பெரியப்பா. பாக்கணும்."

"பாரு பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.