128 கிலோபிட்டும் முடிச்சூர் வெள்ளமும்

எங்க வீட்டு அலமாரியில் ஒரு காலத்தில் 180 சிடி இருந்தது. இன்னைக்கு மிச்சம் முப்பத்து சொச்சம். மத்ததெல்லாம் எம்.பி.3 கோப்புகளாத்தான் இருக்கு. அதுவும் 128 கிலோபிட்டில்! இது எப்படி ஆச்சுன்னு சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும்.

எண்பதுகளில் தாம்பரத்தில் பாட்டு வேணும்னா ரெக்கார்டிங் கடைதான். வெற்று கேசட்டும் ஒரு லிஸ்ட்டும் கொடுத்தா நாலு நாள்ல கிடைக்கும். 60 நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு பாட்டு. நண்பன் அதிலிருந்து ஒரு காப்பி எடுப்பான், அவனிடமிருந்து இன்னொருத்தன். ஒவ்வொரு காப்பிக்கும் 'உஸ்ஸ்' சத்தம் கூடிக்கிட்டே போகும்.

இந்தத் தொல்லையை ஒழித்தது சிடி. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதணும். இடது, வலது ரெண்டுக்கும் சேர்த்தா விநாடிக்கு 1,411 கிலோபிட். எல்லாம் எண்கள் என்பதால் நூறாவது காப்பியும் முதல் காப்பி மாதிரியே இருக்கும்.

ஆனா இடம்? ஒரு மணி நேர சிடி 635 எம்பி. 2003ல் என் கம்ப்யூட்டரில் இருந்தது 40 ஜிபி ஹார்ட்டிஸ்க். 180 சிடிக்கு எங்கே போறது?

அதுக்கு விடையா இருந்தது ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த எம்.பி.3. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அதைச் சரி பண்ணினார். தத்துவம் எளிமையானது. பெரிய சத்தம் கேட்கும்போது கூடவே வரும் சின்ன சத்தம் காதுக்குத் தெரியாது, அதைத் தூக்கிப் போட்டுடலாம். 128 கிலோபிட்டில் 635 எம்பி 58 எம்பி ஆயிடும். பதினோரு பங்கில் ஒரு பங்கு!

"ஃபிளாக்ல போடுங்க சார், எதுவும் வீணாகாது"ன்னு அலுவலக நண்பர் சொன்னார். 2001லேயே வந்த ஃபார்மேட் அது. ஜிப் பண்ற மாதிரி சுருக்கும், விரிச்சா அசல் அப்படியே வரும். ஆனா பாதிக்கு மேல சுருங்காது. "சிடிதான் கையில இருக்கே, வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம்"னேன்.

2015 டிசம்பர் 1ம் தேதி பெய்ய ஆரம்பிச்ச மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. அடையாறு பெருகி வரதராஜபுரம், முடிச்சூரெல்லாம் முழுகியது. ஹார்ட்டிஸ்கை பையில் போட்டுக்கிட்டு மாடிக்கு ஓடினோம். தண்ணி வடிஞ்சப்புறம் சிடிகளைக் கழுவினா, நிறைய சிடியில் லேபிள் பக்கம் உரிஞ்சு வந்தது. பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் நாம பத்திரமா பாத்துப்போம். ஆனா பாட்டு இருக்கும் அலுமினியப் பூச்சு, மேலே லேபிளுக்கு அடியில்தான் இருக்கு.

சினிமாப் பாட்டை இன்னைக்கும் வாங்கிக்கலாம். வாங்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. 1989ல் அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், கேசட்டிலிருந்து சிடிக்கு மாத்தி வெச்சிருந்தேன். கேசட்டும் வெள்ளத்தில் போச்சு. தவில் சத்தத்துக்கு அடியில் அப்பா யாரையோ "சாப்டாச்சா?"ன்னு விசாரிக்கிற குரல் அதில் இருந்தது. எம்.பி.3யில் அந்தக் குரல் மங்கி, தண்ணிக்குள்ளிருந்து பேசுற மாதிரி கேட்குது. பெரிய சத்தத்துக்குக் கீழே இருக்கும் சின்ன சத்தம். எம்.பி.3யின் கணக்குப்படி அது யாருக்கும் தேவையில்லாதது!

இதை இப்போ ஃபிளாக்கா மாத்தினா கோப்பு பெரிசாகும், போன குரல் வராது. ஆனா ஃபிளாக் இருந்தா அதிலிருந்து எம்.பி.3, ஏஏசி, நாளைக்கு வரப்போற எதுவும் எடுத்துக்கலாம். எம்.பி.3யிலிருந்து இன்னொரு சுருக்கும் ஃபார்மேட்டுக்குப் போனா, பழைய கேசட் காப்பி கதைதான்.

எம்.பி.3க்கான காப்புரிமை உரிமத் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் 2017ல் முடிச்சுக்கிட்டாங்க. ஆரம்பத்திலிருந்தே இலவசமான ஃபிளாக், 2024ல் இணையத் தர ஆவணமாவே வெளியாச்சு. ஹார்ட்டிஸ்க் விலையும் இறங்கியாச்சு. காரில் கேட்க எம்.பி.3 போதும், குறையே சொல்ல மாட்டேன். பெட்டியில் வைக்கிற பிரதி மட்டும் ஃபிளாக்கா இருக்கட்டும்.

மிச்சம் முப்பது சிடியையும் போன மாசம் ஃபிளாக்கில் ஏத்திட்டேன். ஒரு பிரதி எங்கிட்ட. இன்னொண்ணு, மேட்டில் இருக்கும் அக்கா வீட்டில்.