குன்னூரில் திறந்து பார்த்த குடல்

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிலையம் என்றால் நமக்கு நாய்க்கடி ஊசிதான் ஞாபகம் வரும். 1907இல் திறந்த அந்த நிலையத்தின் ஒற்றை அறையில், 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார்.

தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைப் பிடித்த நோய் அது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளரும். மெக்காரிசன் குடலையும் பார்த்தார். அதிக அழுத்த நீராவியில் சத்தழித்த அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்து, அவை இறந்தபின் வயிற்றைத் திறந்தார். குடல் சுவர் மெலிந்திருந்தது. உள்சவ்வு அழன்று, இடையிடையே ரத்தம் கசிந்திருந்தது. சாப்பாட்டில் சத்து குறைந்தால் குடலின் காவல் தளரும், கிருமிகள் உள்ளே நுழையும் என்று எழுதினார். குடல் கிருமிகளின் நஞ்சைப் பற்றி பாரிஸில் மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி முன்பே பேசியிருந்தார். அதைச் சோற்றுத் தட்டோடு சேர்த்துப் பார்த்ததுதான் குன்னூரின் பங்கு. என் கணக்கில் அது பெரிய பங்கு.

அந்த அறை 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இன்னோர் உறுப்புக்கும் அதே பார்வை இப்போது வந்திருக்கிறது: சிறுநீரகம். நாம் தின்னும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள டிரிப்டோபான் என்ற புரதக்கூறில் ஒரு பகுதியைக் குடல் கிருமிகள் இண்டோலாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட் ஆக்குகிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நஞ்சு ரத்தத்தில் தேங்கி, மிச்சமுள்ள திசுவையும் கெடுக்கிறது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸிலும் சரியாக இறங்காது.

அப்படியானால் குடலிலேயே பிடித்துவிடலாமே? ஜப்பானில் 1991 முதல் இதற்காகவே கிரெமெசின் என்ற கரித்துகள் மருந்து தருகிறார்கள். ஆனால் 2,000 பேருக்கு மேல் சேர்த்து வேறு நாடுகளில் நடத்திய பரிசோதனைகளின் முடிவு 2015இல் வெளியானபோது, நோயின் வேகம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. நார்ச்சத்தும் நல்ல கிருமி மாத்திரைகளும் சில ஆய்வுகளில் நஞ்சின் அளவைக் குறைத்தன. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. பாதை சரியானது என்றே நம்புகிறேன். மருந்துதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அதுவரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். நார்ச்சத்து என்று வாழைப்பழமும், குளிர்ச்சி என்று இளநீரும் இஷ்டத்துக்குச் சேர்த்தால் பொட்டாசியம் ஏறும். டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள்.