அல்ஹிலாலும் பெயரில்லாக் கட்டுரையும்

பத்திரிகை நடத்துவோருக்கும் அதில் எழுதுவோருக்கும் இடையேயுள்ள உறவு நுட்பமானது. எழுதியவர் ஒருவராக இருக்க, புகழுக்கும் பழிக்கும் ஆளாகிறவர் சில வேளைகளில் வேறொருவராகி விடுகிறார். ஒரு செய்தியைக் கேட்டவுடன், 'இதை அறிவிப்பவர் யார்?' என்று வினவி, ஸனதுகளை ஆராய்ந்த ஹதீஸ் கலை இமாம்களின் வழிவந்த நமக்கு இது சிறிய விஷயமன்று. இதற்குத் தக்க சான்று, மௌலானா அபுல் கலாம் ஆசாத் நடத்திய 'அல்ஹிலால்' இதழின் வரலாறு.

1888ல் மக்காவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த ஆசாத், 1903ல், பதினைந்து வயதளவிலேயே, 'லிஸானுஸ் ஸித்க்' என்னும் உருது இதழைத் தொடங்கினார். பின்னர் 1905-06ல் சில மாதங்கள் லக்னோவில் தங்கி, அல்லாமா ஷிப்லி நுஃமானி நடத்திய 'அந்நத்வா' இதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். அவருக்குப் பின் அதே இதழில் அதே உஸ்தாதிடம் பத்திரிகைப் பணி பயின்ற மற்றொருவர் ஸையித் ஸுலைமான் நத்வி.

1912 ஜூலை 13ல் கல்கத்தாவிலிருந்து அல்ஹிலால் வார இதழ் வெளிவந்தது. அக்காலத்து உருது ஏடுகள் பெரும்பாலும் காத்திபுகள் கையால் எழுதிக் கொடுக்க, கல்லச்சில் அச்சானவை. ஆசாதோ அச்செழுத்துகளைக் கோத்து, புகைப்படங்களுடன் தம் இதழை வெளியிட்டார். இரண்டாண்டுகளுக்குள் வாரந்தோறும் 26,000 பிரதிகள் விற்றதாக அவரே தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். இத்தகைய ஏட்டை ஒரே பேனா நிரப்ப இயலாது. ஸுலைமான் நத்வி, அப்துஸ் ஸலாம் நத்வி, அப்துல்லாஹ் இமாதி முதலிய ஆலிம்கள் அவருக்குத் துணைநின்றனர். ஆயினும் அவர்கள் எழுதியவற்றுள் பல, பெயரின்றியே அச்சாயின.

1913ல் கான்பூர் மச்லி பஜார் பள்ளிவாசலின் உளூச் செய்யும் பகுதி, சாலை அமைப்பதற்காக இடிக்கப்பட்டது. ஆகஸ்டு 3ல் அங்கே திரண்ட முஸ்லிம்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிர் நீத்தனர். அதைக் குறித்து அல்ஹிலாலில் 'மஷ்ஹதே அக்பர்' என்னும் கட்டுரை வெளிவந்தது. படித்தவர் உள்ளங்களை உருக்கிய அக்கட்டுரையை எல்லோரும் ஆசாதின் எழுத்தென்றே கொண்டனர். உண்மையில் அதை எழுதியவர் ஸுலைமான் நத்வி. பிற்காலத்தில் அல்ஹிலால் கட்டுரைகளைத் தொகுத்தவர்களும் ஆசாதின் எழுத்துகளோடு அதைச் சேர்த்துவிட்டனர்.

இதில் ஆசிரியர் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டது அச்சகம் வைத்திருப்போரிடமும் பத்திரிகை வெளியிடுவோரிடமுமே. 1913 செப்டம்பரில் அரசாங்கம் அல்ஹிலாலிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. பின்னர் அதைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டது. 1914 நவம்பரில் இதழ் நின்றுபோயிற்று. ஆக, கட்டுரைகளின் புகழைப் பெற்றவரே அவற்றின் தண்டனையையும் சுமந்தார். பெயரில்லாமை, எழுதியவருக்கு ஒரு கேடயமாகவும் இருந்திருக்கலாம்.

ஆயினும் ஸுலைமான் நத்வி 1913ன் இறுதியிலேயே அல்ஹிலாலை விட்டு நீங்கி, பூனா தக்காணக் கல்லூரியில் பாரசீக மொழி கற்பிக்கச் சென்றார். திரும்பி வருமாறு ஆசாத் கடிதம் எழுதி அழைத்தும் அவர் வரவில்லை. அல்ஹிலால் நின்ற அதே நவம்பரில் உஸ்தாத் ஷிப்லி மறைந்தார். அவர் கனவு கண்ட தாருல் முஸன்னிஃபீன் என்னும் நூலாசிரியர் மன்றத்தை அஃஸம்கரில் நிலைநாட்டும் பொறுப்பு ஸுலைமான் நத்வியின் தோள்களில் விழுந்தது. 1916 ஜூலையில் அங்கிருந்து 'மஆரிஃப்' மாத இதழை அவர் தொடங்கினார். அல்ஹிலாலின் முழக்கம் அதில் இல்லை. ஆராய்ச்சியின் நிதானம் இருந்தது. 1953ல் அவர் மறைந்த பின்னரும் அவ்விதழ் தொடர்ந்து நடந்தது.

இருவரும் சமுதாயத்திற்கு உழைத்த பெருமக்கள். அவர்களிடையே நீதி வழங்குவது நம் வேலையன்று. ஆனால் பத்திரிகை நடத்துவோர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அடக்குமுறைக் காலத்தில் எழுதியவர் பெயரை மறைத்து வைப்பது தக்க காரணத்தால் நேரலாம். அவ்வாறு மறைக்கப்பட்ட பெயர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும். ஆபத்து நீங்கியதும் அதை உரியவரிடம் திருப்பித் தருவது கடமை. நம் தமிழ் முஸ்லிம் ஏடுகளின் பழைய தொகுதிகளிலும் பெயரில்லாக் கட்டுரைகள் பல உறங்குகின்றன. அவற்றை எழுதியவர் இன்னாரென்று அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே கேட்டுக் குறித்து வைப்போமாக.