வேட்பாளர் பெருகினால் வாக்கு சிதறும்: அமெரிக்க பிரைமரி தேர்தல்கள் தரும் பாடம்

பெரும்பான்மை மக்களின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரே தேர்தலில் வெல்வார் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். எல்லா நேரங்களிலும் அப்படி நடப்பதில்லை. ஒரே கருத்துடையவர்கள் பலர் ஒரே களத்தில் இறங்கினால், அவர்களை ஆதரிக்கும் மக்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் தோற்றுப் போகலாம். அமெரிக்காவின் திறந்த பிரைமரி தேர்தல்களில் இது தெளிவாகத் தெரிகிறது. அது எப்படி நடக்கிறது, அதற்கு என்ன தீர்வு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பிரைமரி என்றால் என்ன?

நம் நாடுகளில் ஒரு கட்சியின் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் வாக்காளர்களே அதைத் தீர்மானிக்கிறார்கள். நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலுக்கு முன்பாக நடத்தப்படும் இந்த முதற்கட்ட வாக்கெடுப்புக்குத்தான் பிரைமரி என்று பெயர்.

இதில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும். முதலாவது மூடிய பிரைமரி. கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். இரண்டாவது திறந்த பிரைமரி. கட்சிப் பதிவு தேவையில்லை. வாக்காளர் தமக்கு விருப்பமான ஒரு கட்சியின் பட்டியலைத் தேர்ந்தெடுத்து அதில் வாக்களிக்கலாம். மிச்சிகன் மாநிலத்தில் இந்த முறை உள்ளது. மூன்றாவது, எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் நின்று, அதிக வாக்குகள் பெறும் முதல் இருவர் மட்டும் கட்சி வேறுபாடின்றி நவம்பர் தேர்தலுக்குச் செல்லும் முறை. வாஷிங்டன் மாநிலத்தில் 2008 முதலும், கலிஃபோர்னியாவில் 2012 முதலும் இது நடைமுறையில் உள்ளது.

கணக்கு எங்கே தவறுகிறது?

மூன்றாவது வகையை ஒரு எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஊரில் 100 வாக்காளர்கள். அவர்களில் 60 பேர் ஒரு பக்கம், 40 பேர் மறுபக்கம். 60 பேரின் பக்கத்தில் நான்கு வேட்பாளர்கள் நின்று முறையே 18, 16, 14, 12 வாக்குகள் பெறுகிறார்கள். 40 பேரின் பக்கத்தில் இருவர் மட்டும் நின்று 21, 19 வாக்குகள் பெறுகிறார்கள். முதல் இரண்டு இடங்கள் 21க்கும் 19க்கும் போய்விடும். அறுபது பேரின் சார்பில் இறுதிச் சுற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார். யாரும் மோசடி செய்யவில்லை, விதிமீறலும் இல்லை. ஆனாலும் பெரும்பான்மை வெளியே நிற்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2016 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலப் பொருளாளர் பதவிக்கான பிரைமரியில் ஜனநாயகக் கட்சியினர் மூவரும் குடியரசுக் கட்சியினர் இருவரும் போட்டியிட்டனர். ஜனநாயகக் கட்சியினர் மூவருக்கும் கிடைத்த வாக்குகளைக் கூட்டினால் 51 சதவீதத்திற்கு மேல் வருகிறது. ஆனால் அது ஏறத்தாழ 20, 18, 13 என்று மூன்றாகப் பிரிந்தது. குடியரசுக் கட்சியினர் இருவரும் சுமார் 25, 23 சதவீதம் பெற்று முதலிரண்டு இடங்களைப் பிடித்தனர். அந்த நவம்பரில் அதே மாநிலம் அதிபர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனைத் தேர்ந்தெடுத்தது. பொருளாளர் பதவிக்கோ, அக்கட்சியின் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை.

கலிஃபோர்னியாவின் 31ஆவது தொகுதியில் 2012ஆம் ஆண்டு நடந்ததும் இதைப் போன்றதே. ஜனநாயகக் கட்சியினர் நால்வர் நின்றனர். குடியரசுக் கட்சியினர் இருவர் நின்றனர். அந்த இருவருமே இறுதிச் சுற்றுக்குச் சென்றனர். நவம்பரில் அத்தொகுதி மக்கள் அதிபர் தேர்தலில் ஒபாமாவுக்கே பெரும்பான்மை அளித்தனர். இங்கே இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஜூன் மாத பிரைமரிக்கு வந்தவர்கள் குறைவு. நவம்பரில்தான் மக்கள் திரளாக வந்தார்கள். முதற்சுற்றை அலட்சியப்படுத்தியவர்களுக்கு இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுக்க அவர்கள் விரும்பியவர் இல்லை.

2014இல் அதே தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் மீண்டும் நால்வராக நின்றனர். அவர்களில் பீட் அகிலார் என்பவர் வெறும் 200 சொச்சம் வாக்குகள் வித்தியாசத்தில் இரண்டாம் இடத்தைப் பிடித்து, நவம்பரில் வென்றார். அந்த 200 பேர் வீட்டிலேயே இருந்திருந்தால் முந்தைய கதையே திரும்பியிருக்கும்.

ஒரே நாள், இரண்டு வாக்குகள், இரண்டு முடிவுகள்

வேட்பாளர் எண்ணிக்கை முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு, நம் சமுதாயத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு சான்றாக உள்ளது. டெட்ராய்ட் நகரின் ஒரு பகுதியை உள்ளடக்கிய மிச்சிகன் 13ஆவது தொகுதியின் உறுப்பினரும், 1965 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவருமான ஜான் கான்யர்ஸ் 2017 டிசம்பரில் பதவி விலகினார். எனவே 2018 ஆகஸ்ட் 7 அன்று ஒரே நேரத்தில் இரண்டு பிரைமரிகள் நடந்தன. ஒன்று, எஞ்சியிருந்த சில வாரப் பதவிக்காலத்திற்கு. மற்றொன்று, அடுத்த இரண்டு ஆண்டு முழுப் பதவிக்காலத்திற்கு.

குறுகிய காலப் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் நான்கு பேர் நின்றனர். அதில் டெட்ராய்ட் மாநகர மன்றத் தலைவர் பிரெண்டா ஜோன்ஸ் வென்றார். முழுக் காலப் பதவிக்கு ஆறு பேர் நின்றனர். அதில் ஃபலஸ்தீனப் பெற்றோரின் மகளான ரஷீதா த்லைப் 31 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்றார். ஜோன்ஸுக்குக் கிடைத்தது 30 சதவீதம். அதே ஊர், அதே நாள், அதே வாக்காளர்கள். களத்தில் இருவர் கூடியதும் வெற்றியாளர் மாறினார். மினசோட்டாவின் இல்ஹான் உமருடன் சேர்ந்து, அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்வான முதல் முஸ்லிம் பெண்கள் என்ற இடத்தை ரஷீதா த்லைப் பெற்றது இவ்வாறுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாக்குச் சிதறல் நமக்குப் பாதகமாக அமைந்தால் அநீதி என்றும், சாதகமாக அமைந்தால் சாதுரியம் என்றும் சொல்வது நீதியாகாது. நமக்கே எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த அளவுகோல். 2020இல் ஜோன்ஸும் த்லைப்பும் நேருக்கு நேர் மோதியபோது த்லைப் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்று வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு மக்களின் தெளிவான ஆதரவு அவருக்குக் கிடைத்தது.

பிரான்ஸிலும் எகிப்திலும்

முதல் இருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குச் செல்லும் முறை அதிபர் தேர்தலில் எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் இதே ஆபத்து இருக்கிறது. 2002இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலின் முதற்சுற்றில் 16 பேர் நின்றனர். இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளர்களிடையே பிரிந்தன. சோசலிசக் கட்சியின் பிரதமர் லியோனல் ஜோஸ்பான் 16.18 சதவீதம் பெற்றார். குடியேறியவர்களுக்கு எதிரான அரசியலால் அறியப்பட்ட ஜான் மரி லெ பென் 16.86 சதவீதம் பெற்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றார். இரண்டாம் சுற்றில் லெ பென்னை மக்கள் பெருவாரியாக நிராகரித்து ஜாக் சிராக்கைத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் ஜோஸ்பானை விரும்பியவர்களுக்கு அந்தச் சுற்றில் வேட்பாளரே இல்லை.

2012 மே மாதம் எகிப்தின் அதிபர் தேர்தலிலும் இதைக் கண்டோம். முதற்சுற்றில் முஹம்மது முர்ஸி சுமார் 25 சதவீதமும், முபாரக் காலத்தின் கடைசிப் பிரதமர் அஹ்மத் ஷஃபீக் சுமார் 24 சதவீதமும் பெற்று முன்னேறினர். ஹம்தீன் ஸபாஹி 20 சதவீதத்திற்கு மேலும், அப்துல் முன்இம் அபுல் ஃபுதூஹ் 17 சதவீதத்திற்கு மேலும் பெற்றனர். இவ்விருவரின் வாக்குகளைக் கூட்டினால் 38 சதவீதம். இருவரில் ஒருவர் விலகியிருந்தால் அத்தனை வாக்குகளும் மற்றவருக்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தஹ்ரீர் சதுக்கத்தில் ஒன்றாக நின்றவர்களில் பலர், தாம் முதலில் தேர்ந்தெடுக்காத இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

விதியை மாற்றினால் போதுமா?

சிதறலைக் குறைக்கச் சில ஏற்பாடுகள் உள்ளன. அலாஸ்கா மாநிலம் 2022 முதல் முதல் நால்வரை இறுதிச் சுற்றுக்கு அனுப்புகிறது. அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையும் இடலாம். தாம் முதலில் குறித்தவர் வெளியேறினால் வாக்கு அடுத்தவருக்குச் செல்லும்.

இலங்கை வாசகர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 38 பேர் போட்டியிட்ட 2024 தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், வரலாற்றில் முதன்முறையாக அடுத்த விருப்பங்களும் எண்ணப்பட்டன. ஆனால் பெரும்பாலானோர் ஒருவரை மட்டுமே குறித்திருந்தனர். உரிமை கையில் இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை.

அலாஸ்காவிலும் விதி மட்டும் போதவில்லை. 2022 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் சாரா பேலின், நிக் பெகிச் இருவரும் இறுதிவரை மோதினர். பெகிச் வெளியேறியதும் அவருடைய வாக்காளர்களில் பலர் பேலினுக்கு இரண்டாம் விருப்பம் தரவில்லை. ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா வென்றார். 2024இல் பிரைமரியில் மூன்றாம் இடம் பெற்ற குடியரசுக் கட்சியின் நான்சி டால்ஸ்ட்ராம், இறுதிச் சுற்றுக்குத் தகுதி இருந்தும் விலகிக்கொண்டார். அந்த முறை பெகிச் வென்றார். ஆக, விதி எதுவானாலும் யாரோ ஒருவர் விலகிக்கொள்ளும் மனம்தான் சிதறலைத் தடுக்கிறது.

விலகலும் உரிய காலத்தில் நடக்க வேண்டும். 2018இல் கலிஃபோர்னியாவின் 48ஆவது தொகுதியில் சிலர் பிரசாரத்தை நிறுத்திவிட்டு வேறொருவரை ஆதரித்தனர். ஆனால் அவர்களின் பெயர்கள் வாக்குச்சீட்டில் அச்சாகிவிட்டதால் அவற்றுக்கும் வாக்குகள் விழுந்தன. அங்கே இரண்டாம் இடத்தைத் தீர்மானித்தது 125 வாக்குகள்தான்.

ஆறு பேர் ஒருவரான வரலாறு

ஹிஜ்ரி 23இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தாக்கப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு நபித்தோழர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆறு பேரும் தகுதியானவர்களே. ஸஹீஹுல் புகாரியில் வரும் அறிவிப்பின்படி, முதலில் ஆறு மூன்றாகக் குறைந்தது. ஸுபைர் (ரலி) தம் உரிமையை அலீ (ரலி) அவர்களுக்கும், தல்ஹா (ரலி) உஸ்மான் (ரலி) அவர்களுக்கும், ஸஅத் (ரலி) அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கும் விட்டுக்கொடுத்தனர். பிறகு அப்துர் ரஹ்மான் (ரலி) தாமே விலகி, மஷூரா செய்யும் பொறுப்பை ஏற்றார்கள். மதீனாவின் மக்களிடம் கருத்துக் கேட்ட பின்பே உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்யப்பட்டது.

இது இன்றைய வாக்குப்பெட்டித் தேர்தல் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியுமல்ல. ஆனால் தகுதியுள்ள பலர் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இதில் வழிகாட்டல் உண்டு. விலகிய நால்வரின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

இந்தியாவின் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் முதற்சுற்று என்பதே இல்லை. ஒரு வாக்கு அதிகம் பெற்றவரும் வென்றவரே. எனவே சிதறலின் விளைவு அன்றே தெரிந்துவிடும். திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வார்டு தேர்தல் முதல் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல் வரை இதே கணக்குதான்.

வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். அந்த அமானிதம் வீணாகாமல் இருக்க மூன்று விஷயங்கள் தேவை. முதலாவது, ஒரே நோக்கமுள்ளவர்கள் வேட்புமனு தாக்கலுக்கு முன்பே அமர்ந்து மஷூரா செய்ய வேண்டும். வாக்குச்சீட்டு அச்சான பின் வரும் ஒற்றுமை அரைப் பயனே தரும். இரண்டாவது, வாக்காளர் தமக்குப் பிடித்தவர் யார் என்பதோடு, களத்தில் உண்மையான போட்டி யாருக்கிடையே என்பதையும் விசாரித்து அறிய வேண்டும். மூன்றாவது, முதற்சுற்று, இரண்டாம் விருப்பம் போன்ற வாய்ப்புகள் எங்கெல்லாம் உள்ளனவோ அவற்றை விட்டுவிடக் கூடாது.

நிற்பதற்குத் தகுதி பெற்றவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். பொதுநலனுக்காக விலகி நிற்கும் தகுதியையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.