கொல்லைப்புறத்து அவரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பால்மரத்தையும் செம்பனையையும் தவறாது குறிப்பிடுவர். லயத்துக் கொல்லையில் படர்ந்த அவரைக் கொடியைக் குறிப்பிடுவோர் அரியர். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள மளிகைக் கடைகளில் கொள்ளும் மொச்சையும் தட்டைப்பயறும் இன்றும் விற்கப்படுகின்றன. வானம் பார்த்த பூமியின் விளைபொருள்கள் மழை குன்றாத இம்மண்ணில் இடம்பெற்ற வரலாறு அறியத்தக்கதாகும்.

இப்பயறுகளின் தொன்மை பெரிது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கினையே உணவாகப் போற்றுகிறார். நான்கில் இரண்டு பயற்றினம் ஆதல் கருதத்தக்கது. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கொள்ளுப் பயிரிட்டனர் என்பதை அகழாய்வில் கிடைத்த கரிந்த விதைகள் காட்டுகின்றன. தட்டைப்பயறோ ஆப்பிரிக்காவில் தோன்றிப் பின்னர் இந்தியாவை அடைந்தது.

வறட்சியைத் தாங்கும் ஆற்றல் இவற்றின் உடலிலேயே அமைந்துள்ளது. அவரையின் வேர் ஆழ்ந்து சென்று நீர் தேடும். கடும் வெயிலில் தட்டைப்பயற்றின் இலைகள் விளிம்பைக் கதிரவனுக்குக் காட்டித் திரும்பி வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பயிருக்கு அளிப்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். மலாயாத் தோட்ட நிருவாகங்கள் பால்மரக் கன்றுகளுக்கிடையே பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டதற்கு இப்பண்பும் ஒரு காரணமாகும். தினையோடும் வரகோடும் பயற்றைக் கலந்து விதைத்த தமிழ் உழவர் இப்பயனைப் பட்டறிவால் கண்டிருந்தனர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் புன்செய் உழவரை நிலைகுலையச் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டத்தார் கங்காணிகள் வழியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தனர். தோட்டத்தில் அவர்கள் பெற்ற புழுங்கலரிசி முளைக்காது. உடைக்காத பயறோ உலையிலும் இடலாம், மண்ணிலும் இடலாம். நிலமற்ற கூலியின் கையில் எஞ்சியிருந்த உழவுத்தொழில் அந்தக் கைப்பிடிப் பயறே எனலாம்.

ஆயினும் மண் வேறு, வானம் வேறு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. சேலத்தின் மழை அதில் பாதியளவும் எட்டாது. ஓயாத ஈரத்தில் நெற்று காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். ஆகவே இங்குக் காய் பிஞ்சிலேயே பறிக்கப்பட்டது. காச்சாங் பாஞ்சாங் என மலாய்க்காரர் வழங்கும் நீண்ட பயற்றங்காயும் கரிசல்காட்டுத் தட்டைப்பயறும் தாவரவியல்படி ஒரே இனம். வறண்ட நாட்டார் மணிக்காகவும் ஈரநாட்டார் காய்க்காகவும் தேர்ந்து வளர்த்தமையால் ஓரினம் ஈருருக் கொண்டது. வேர் மாறாமல் வாழும் முறையை மாற்றிக்கொண்ட குடியேறிகளுக்கும் இது பொருந்தும்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்துக் குன்றி மரவள்ளியே பலருக்கு உணவாயிற்று. கொல்லை என்பது பொழுதுபோக்கன்று, உயிர்நிலை என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயங்களை நீங்கியோர் அடுக்குமாடிகளில் குடிபுகுந்தனர், கொல்லை மறைந்தது. விதையை நன்கு காயவைத்துச் சாம்பல் கலந்து பானையில் காக்கும் முறையும் அருகியது. இந்நாட்டு ஈரக்காற்றில் காப்பின்றி வைத்த விதை முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். நார்வே நாட்டின் சுவால்பார்டில் 2008இல் திறக்கப்பட்ட பெட்டகம் உலகின் விதைகளை உறைகுளிரில் காக்கிறது. விதைக்கும் பருவத்தையும் சமைக்கும் பக்குவத்தையும் எந்தப் பெட்டகமும் காவாது. அவற்றைக் காப்பது மக்களின் பழக்கமே.

அடுக்குமாடி மேல்மாடத்துத் தொட்டி மண் ஒரு பகல் வெயிலிலேயே வறண்டுவிடும். மழைநாட்டின் நடுவே அமைந்த அச்சிறு வறண்ட நிலம் தட்டைப்பயற்றுக்கு அயலானதன்று. தமிழ்ப்பள்ளித் தோட்டத்திலும் ஒரு பாத்தி இதற்குப் போதும். புறநானூற்றுப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் கொள்ளையும் அவரையையும் மாணவர் கையால் விதைக்கச் செய்வாராயின், பாடலின் பொருள் விளங்கும். பாட்டன் பாட்டியர் வந்த வழியும் விளங்கும்.